டோக்கியோல நிங்கென் டாக் போயிட்டு வந்தேன்: எது வொர்த், எது தண்டம்

ஜப்பான்ல வேலை பாக்குற நம்மாளுங்க நாப்பது தாண்டுனதும் கேக்க ஆரம்பிக்கிற கேள்விதான் இது. கம்பெனியே வருஷா வருஷம் செக்கப் பண்ணுதே, அப்புறம் எதுக்கு தனியா நாப்பதாயிரம் அம்பதாயிரம் யென் கட்டி நிங்கென் டாக்னு சொல்ற முழு உடம்பு செக்கப்புக்கு போகணும்னு. நான் போயிட்டு வந்தேன், வீட்டம்மாவும் போயிட்டு வந்தாங்க. கிளினிக் பேரு சொல்லல, ஏன்னா நடுவுல கொஞ்சம் திட்டவும் போறேன். சுருக்கமா வேணும்னா இதோ: அடிப்படை பேக்கேஜ் தாராளமா பண்ணலாம், அதுக்கு மேல மெனு கார்டு மாதிரி நீட்டுற ஆப்ஷன்ல பெரும்பாலானது வேண்டாம், இன்னொன்னு, இந்த செக்கப் முழுக்க ஜப்பான்காரங்க உடம்பையும் அவங்க பயத்தையும் வச்சு கட்டினது, நம்ம உடம்புக்கு அதை அப்படியே எடுத்துக்க முடியாது. நீளமா வேணும்னா கீழ படிங்க.

மொதல்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பாத்துருவோம். கம்பெனி செக்கப் சட்டம். 1972ல வந்த தொழிலாளர் பாதுகாப்பு சுகாதாரச் சட்டப்படி முதலாளி வருஷம் ஒரு தடவை நம்மள செக்கப் பண்ண வச்சே ஆகணும், நாமளும் போயே ஆகணும். உயரம், எடை, இடுப்பளவு, கண்ணு, காது, பிரஷர், நெஞ்சு எக்ஸ்ரே, யூரின், ரத்தம், ஈசிஜி, அவ்ளோதான், சட்டுபுட்டுனு முடிச்சு அனுப்பிருவாங்க. நிங்கென் டாக்ல இதோட வயித்துக்கு பேரியம் குடிச்சு எடுக்குற எக்ஸ்ரே இல்லன்னா கேமரா ட்யூப் விட்டு பாக்குற எண்டோஸ்கோப்பி, வயிறு அல்ட்ராசவுண்ட், நுரையீரலுக்கு ஊதுற டெஸ்ட், கண்ணுக்குள்ள போட்டோ, கண் பிரஷர், மல டெஸ்ட், கடைசில டாக்டரோட உக்காந்து பேசுறது எல்லாம் சேரும். 1954ல டோக்கியோல ஒரு அரசு ஆஸ்பத்திரில இதை ஆரம்பிச்சப்போ நாள்கணக்கா அட்மிட் ஆகி படுக்கணுமாம், இப்போ காலைல எட்டரைக்கு போனா மதிய சாப்பாட்டுக்கு வெளிய வந்துடலாம். நோய்க்கு வைத்தியம்னு இது கணக்குல வராததால இன்சூரன்ஸ் செல்லாது, ஆனா கம்பெனி சேந்திருக்குற இன்சூரன்ஸ் சங்கம், கென்போன்னு சொல்லுவாங்க, அது பெரும்பாலும் மானியம் தரும், எனக்கு பாதிக்கு மேல அவங்களே கட்டிட்டாங்க. டாக் ரிப்போர்ட்டை ஹெச்ஆர்ல குடுத்துட்டா அந்த வருஷ கம்பெனி செக்கப்புக்கு தனியா போக வேண்டாம், இது நிறைய பேருக்கு தெரியாம ரெண்டு தடவை ரத்தம் குடுத்துட்டு இருக்காங்க.

தேதிக்கு முன்னாடியே வீட்டுக்கு தடியா ஒரு கவர் வந்துரும். உள்ள கேள்வித்தாளும், மலத்துல ரத்தம் கலந்திருக்கான்னு பாக்குற டெஸ்ட் கிட்டும் இருக்கும். டாய்லெட் தண்ணி மேல விரிக்க ஒரு பேப்பர், ஃபிளஷ் பண்ணா கரைஞ்சு போயிரும். ரெண்டு குட்டி ட்யூப், மூடியோட ஒட்டுன குச்சி, குச்சி நுனில வரிவரியா பள்ளம். அந்தப் பள்ளம் நிறையுற அளவுக்கு மேலாப்புல அங்கங்க சுரண்டி எடுத்து திரும்ப ட்யூப்ல சொருகி டக்குனு சத்தம் வர வரைக்கும் அமுக்கணும், அப்புறம் திறக்கக் கூடாது. ரெண்டு வேற வேற நாள்ல எடுக்கணும். கூச்சப்பட்டுக்கிட்டு இதை மட்டும் விட்டுட்டு போறவங்கள பாத்திருக்கேன், மத்த எதையாவது விடுங்கப்பா, இதை விடாதீங்க, மொத்த பேக்கேஜ்லயும் ஆதாரம் கெட்டியா இருக்குறதுல இது முன்னாடி நிக்கும். பழைய முறைல முந்தின நாள் கறி சாப்ட்டிருந்தா கூட பாசிட்டிவ் காட்டிரும், இது மனுஷ ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினை மட்டும் ஆன்டிபாடி வச்சு புடிக்குது, அதனால சாப்பாட்டு பத்தியமே கிடையாது. ஜப்பான் 1992லயே குடல் கேன்சர் ஸ்கிரீனிங்கா இதை நாடு முழுக்க கொண்டு வந்துட்டாங்க, இங்கிலாந்து இந்த முறைக்கு மாறினது 2019ல.

அன்னிக்கு காலைல போனா சர்வீஸ்ல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. லாக்கர் சாவி, கைல நம்பர் பட்டை, ஒரு தொளதொள பைஜாமா செட், செருப்பு. அப்புறம் நாம யோசிக்கவே வேண்டாம், ஒரு ரூம் முடிஞ்சதும் அடுத்த நம்பர் ரூம் வாசல்ல உக்காருங்கன்னு சொல்லுவாங்க, உக்காந்து போனை எடுக்குறதுக்குள்ள நம்ம நம்பரை கூப்ட்ருவாங்க. ரத்தம் எடுக்குறவங்க ஆல்கஹால் துடைச்சா அலர்ஜி வருமா, ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வந்திருக்கான்னு கேட்டுட்டுதான் ஊசியையே கைல எடுக்குறாங்க. பல ரூம்ல பேசுறது மொத்தமும் ஜப்பானீஸ்தான், ஆனா மூச்சை இழுங்க, புடிங்க, விடுங்க, இந்த மூணு புரிஞ்சா முக்கால்வாசி ஒப்பேத்திடலாம்.

இடுப்பளவு எடுக்குற இடத்துல இருந்துதான் கதை சுவாரஸ்யமாகுது. நின்னபடி, மூச்சை லேசா விட்டுட்டு, தொப்புள் மட்டத்துல டேப் போடுறாங்க, ஆம்பளைக்கு 85 செ.மீ தாண்டினா சிவப்பு, பொம்பளைக்கு 90. உலகத்துல பெரும்பாலான இடத்துல பொம்பளைக்குத்தான் கம்மியா வைப்பாங்க, இங்க தலைகீழ். காரணம் என்னன்னா ஜப்பான்ல இதை எடையை வச்சு முடிவு பண்ணல, தொப்புள் மட்டத்துல சிடி ஸ்கேன் எடுத்து உள்ளுறுப்பை சுத்தி இருக்குற கொழுப்போட பரப்பை அளந்து, அது 100 சதுர செ.மீ தாண்டுற இடத்துல இடுப்பு எவ்ளோ இருக்குன்னு பாத்தாங்க. பொம்பளைங்களுக்கு தோலுக்கு அடில கொழுப்பு அதிகம், உள்ள கம்மி, அதனால அந்த நூறுக்கு அவங்க இடுப்பு பெருசா இருக்கணும்னு வந்துச்சு. இந்த உள்கொழுப்பு விஷயத்துல ஒசாகா பல்கலைக்கழகத்துல மட்சுஸாவா யூஜியோட குழு செஞ்ச வேலைதான் அடித்தளம், அடிபோனெக்டின்னு இப்போ எல்லாரும் பேசுற ஹார்மோனும் 1996ல அங்க மனுஷ கொழுப்புத் திசுல இருந்து கிடைச்சதுதான். 2005ல மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்கு, அதாவது தொப்பையோட பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் கோளாறும் சேந்து வர்றதுக்கு, இந்த அளவை வரையறையா அறிவிச்சு, 2008 ஏப்ரல்ல இருந்து 40ல இருந்து 74 வயசு வரைக்கும் எல்லாருக்கும் டேப் போட்டு, தாண்டினவங்களுக்கு கவுன்சிலிங்னு அரசாங்கமே ஆரம்பிச்சுருச்சு. இதை சுருக்கி மெட்டபோன்னா இங்க சின்னப் பசங்களுக்கும் தெரியும்.

நான் 85ஐ தாண்டிட்டேன், அது எதிர்பாத்ததுதான். ஒரு நியூட்ரிஷனிஸ்ட் அம்மா தனியா கூப்ட்டு, ராமென் சூப்பை மிச்சம் வைங்க, ஒரு ஸ்டேஷன் முன்னாடி இறங்கி நடங்கன்னு அழகா பேசினாங்க. நல்லவங்கதான், ஆனா இந்த கவுன்சிலிங் எவ்ளோ வேலை செய்யுதுன்னு 2020ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்களே ஒரு வேலை பண்ணாங்க. 85க்கு கொஞ்சம் மேல இருந்தவங்க, கொஞ்சம் கீழ இருந்தவங்கன்னு ஆயிரக்கணக்கான ஆம்பளைங்கள ஒப்பிட்டுப் பாத்தா, எடை துளி குறைஞ்சிருக்கு, பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் எதுவும் சொல்லிக்கிற மாதிரி மாறல. அரைமணி நேர அட்வைஸ்ல உடம்பு மாறும்னா நாம எல்லாம் எப்பவோ மாறியிருப்போம். நமக்கு இங்க முக்கியமானது வேற. தெற்காசிய உடம்புக்கு சர்வதேச அளவுல சொல்றது ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80. அதாவது வீட்டம்மாவோட ஜப்பான் ரிப்போர்ட்ல இடுப்பு ஓகேன்னு பச்சை டிக் போட்டிருந்தாலும் நம்ம கணக்குல அது ஓகே இல்ல. எனக்கு இவங்க கொஞ்சம் கடுமை, அவங்களுக்கு ரொம்பவே தாராளம்.

அடுத்து பிரஷர். மெஷின்ல கையை விட்டதும் மேல் பிரஷர் 148. ரெண்டாவது தடவை கொஞ்சம் எறங்குச்சு, ஆனாலும் ரிப்போர்ட்ல அதிகம்னு போட்டுட்டாங்க. ஜப்பான் ஆளுங்க பிரஷர்ல ஏன் இவ்ளோ கறார்னா, 1951ல இருந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் இந்த நாட்டுல சாவுக்கு முதல் காரணமே பக்கவாதம்தான். அப்ப டெத் சர்ட்டிஃபிகேட்ல எல்லாம் மூளைல ரத்தக்கசிவுன்னே எழுதிட்டு இருந்தாங்க, ரத்தக்குழாய் அடைப்பு ரொம்ப அபூர்வம்னு கணக்கு வந்துச்சு, இது எப்படி சாத்தியம்னு வெளிநாட்டு ஆளுங்க சந்தேகப்பட்டாங்க. அதை தீத்துக்க கியூஷு பல்கலைக்கழகம் 1961ல ஃபுகுவோகா பக்கத்துல ஹிஸாயாமான்னு ஒரு சின்ன ஊரை எடுத்துக்கிட்டாங்க. நாப்பது வயசு தாண்டின ஊர்க்காரங்கள செக்கப் பண்றது, யாராவது செத்தா வீட்டுல பேசி சம்மதம் வாங்கி பிரேதப் பரிசோதனை பண்றது. பெரும்பாலானவங்க வீட்டுல சம்மதிச்சாங்க, அதை நினைச்சாதான் எனக்கு ஆச்சரியம், வேற எந்த நாட்டு ஆராய்ச்சிலயும் ஊரே இப்படி ஒத்துழைச்சது அபூர்வம். தலையை திறந்து பாத்தப்போ அடைப்பு அப்படி ஒண்ணும் அபூர்வம் இல்ல, கசிவுன்னு எழுதினதுல நிறைய தப்புன்னு தெரிஞ்சுது. அந்த ஊர் ஆராய்ச்சி அதோட நிக்கல, இன்னிக்கும் ஓடுது, 1985ல மறதி நோயும் சேந்துச்சு, 1988ல ஊர்க்காரங்களுக்கு குளுக்கோஸ் குடிக்க வச்சு சுகர் பாத்தாங்க.

148 பாத்துட்டு மாத்திரைக்கு ஓட வேண்டாம்னு சொல்றதும் இன்னொரு ஜப்பான் ஊர்தான். இவாத்தே மாகாணத்துல ஓஹஸாமா, இப்போ ஹனமாகி நகரத்தோட சேந்துருச்சு. 1980கள்ல தோஹோகு பல்கலைக்கழக டாக்டருங்க அந்த ஊர் ஜனங்களுக்கு வீட்டுல பாக்குற பிரஷர் மெஷினை குடுத்து தினமும் எழுத வச்சு வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாங்க. ஆஸ்பத்திரில எடுக்குற நம்பரை விட வீட்டுல எடுக்குற நம்பர்தான் யாருக்கு பின்னால ஆபத்துன்னு நல்லா சொல்லுதுன்னு காட்டினது அவங்க. வீட்டு அளவுக்கு 135க்கு 85னு ஒரு கோடு இருக்கே, அதுக்குப் பின்னாடி இந்த ஊர் டேட்டாவுக்கு பெரிய பங்கு உண்டு. அதனால டாக்ல அதிகம்னு வந்தா பண்ண வேண்டியது இதுதான்: மேல்கைல சுத்துற மெஷின் ஒண்ணு வாங்குங்க, எந்திரிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள, யூரின் போயிட்டு, டிஃபனுக்கு முன்னாடி, ஒண்ணு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு ரெண்டு தடவை, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை. எனக்கு வீட்டுல நூத்தி முப்பதை ஒட்டித்தான் வருது. டாக்டரும் அந்த நோட்டை பாத்துட்டு உப்பை மட்டும் குறைங்கன்னு விட்டுட்டாரு.

இதுல 2014ல ஒரு கூத்து நடந்துச்சு, பழைய ஆளுங்க இன்னும் அதை புடிச்சு தொங்குறாங்க. நிங்கென் டாக் சங்கமும் கென்போ கூட்டமைப்பும் சேந்து, செக்கப் பண்ணிக்கிட்ட 15 லட்சம் பேர் டேட்டால இருந்து மாத்திரை எதுவும் எடுக்காத நல்ல ஆரோக்கியமான ஆளுங்கள மட்டும் வடிகட்டி, அவங்க நம்பர் எந்த ரேஞ்சுல இருக்குன்னு வெளியிட்டாங்க. மேல் பிரஷர் 147 வரைக்கும் வந்துச்சு. டிவி பேப்பர்ல எல்லாம் 147 வரைக்கும் நார்மலாம்னு போட்டு தாளிக்க, பிரஷர் சங்கம் கொதிச்சு எழுந்துச்சு. அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. இன்னிக்கு ஆரோக்கியமா தெரியுற ஆளோட நம்பர் ஒண்ணு, பத்து வருஷம் கழிச்சு யாருக்கு வாதம் வருதுன்னு பாத்து போடுற கோடு ஒண்ணு, ரெண்டும் வேற வேற கேள்விக்கு பதில். என் ஆபீஸ்ல ஒரு சீனியர் இன்னும் அந்த 147ஐ சொல்லித்தான் மாத்திரையை தள்ளிப் போட்டுட்டு இருக்காரு.

வயிறு. இதுல ரெண்டு சாய்ஸ், பேரியம் இல்லன்னா எண்டோஸ்கோப்பி. முன்னாடி ஒரு வருஷம் பேரியம் பண்ணிருக்கேன், ரெண்டையும் ஒப்பிட்டு சொல்றேன். பேரியம்னா மொதல்ல ஒரு பாக்கெட் குருணை, வாய்ல போட்டு கொஞ்சம் தண்ணியோட முழுங்கினா வயித்துல நுரைச்சு பொங்கும், ஏப்பம் மட்டும் விடக் கூடாது, விட்டா இன்னொரு பாக்கெட். அப்புறம் சுண்ணாம்பு மாதிரி கெட்டியா ஒரு கப். அதை குடிச்சுட்டு ஒரு பலகைல ஏறி படுக்கணும், பலகை சாயும், தலை கீழ போகும், கைப்பிடிய இறுக்கி புடிச்சுக்கிட்டே வலது பக்கமா உருளுங்க, இன்னும் உருளுங்க, கொஞ்சம் இடது, மூச்சை நிறுத்துங்கன்னு மைக்ல அடுத்த ரூம்ல இருந்து ஒருத்தர் ஓட்டிக்கிட்டே இருப்பாரு. இந்த உருட்டலுக்கு காரணம் இருக்கு. காத்தால வயிறு ஊதி நிக்க, பேரியம் மெல்லிசா சுவர் மேல பூசின மாதிரி படியணும், அப்பத்தான் சின்ன மேடு பள்ளம் கூட நிழலா தெரியும். 1950கள்ல சிபா பல்கலைக்கழகத்துல ஷிராகாபே ஹிகோவோ குழு இந்த டெக்னிக்கை வளத்தெடுத்தாங்க, ஜப்பான் வயித்து கேன்சரை ஆரம்பத்துலயே புடிக்க ஆரம்பிச்சதுக்கு இதுக்கு பெரிய பங்கு உண்டு. முடிஞ்சதும் பேதி மாத்திரை குடுத்து நிறைய தண்ணி குடிங்கன்னு அனுப்புவாங்க, அந்த தண்ணி விஷயத்தை அலட்சியம் பண்ணீங்கன்னா உள்ளயே சிமெண்ட் ஆயிரும், விளையாட்டு இல்ல.

இந்த தடவை எண்டோஸ்கோப்பி எடுத்தேன், இனிமே பேரியம் பக்கம் போக மாட்டேன். வயித்துக்குள்ள கேமரா அனுப்பி போட்டோ எடுக்கலாம்னு 1950லயே செஞ்சு காட்டினது டோக்கியோ பல்கலைக்கழக டாக்டர் உஜி தட்சுரோவும் ஒலிம்பஸ் கம்பெனி இன்ஜினியர்களும்தான், அப்ப நேரலை கிடையாது, நுனில குட்டி ஃபிலிமும் பல்பும் வச்சு குத்துமதிப்பா கிளிக் பண்ணி வெளிய எடுத்து டெவலப் பண்ணி பாக்கணும். இப்போ மூக்கு வழியா போற மெல்லிசு ட்யூப் வந்துருச்சு, ஆறு மில்லிமீட்டருக்கும் கம்மி. மூக்குல மரத்துப் போற ஜெல், கொஞ்சம் எரிச்சல், தொண்டை தாண்டும்போது ஒரு தடவை குமட்டல், அப்புறம் நாமளே ஸ்கிரீன்ல நம்ம வயித்தை பாத்துக்கிட்டே இருக்கலாம், டாக்டரோட பேசக் கூட முடியும். மயக்கம் வேணும்னா எக்ஸ்ட்ரா காசு, அன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது. விரல்ல ஒரு கிளிப் மாட்டுவாங்களே ஆக்ஸிஜன் பாக்க, அதோட அடிப்படை ஐடியாவும் 1974ல நிஹோன் கோடென் கம்பெனில வேலை பாத்த ஆவோயாகி டகுவோவோடது, கோவிட் அப்ப உலகமே வாங்கி வச்சுதே, அதேதான்.

எனக்கு லேசா கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது வயித்து உள்சுவர் அழற்சி, இருக்குன்னாரு டாக்டர். இங்கதான் எண்டோஸ்கோப்பியோட உண்மையான லாபம். 2013 பிப்ரவரில இருந்து, கேமராவுல கேஸ்ட்ரைட்டிஸ்னு உறுதியானா வயித்துல குடியிருக்குற ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு டெஸ்டும் அதை ஒழிக்கிற மருந்தும் இன்சூரன்ஸ்ல வரும், முப்பது சதவீதம் கட்டினா போதும். ஒரு வாரம் ரெண்டு ஆன்டிபயாட்டிக், கூட வோனோபிரஸான்னு டகேடா மருந்து கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்ச ஆசிட் குறைக்கிற மாத்திரை. நான் முடிச்சுட்டேன், வாய் முழுக்க கசப்பு, வேற தொல்லை இல்ல. ஆனா ஒண்ணு, நம்ம தேசத்துல பைலோரி ரொம்ப சகஜம், அப்படியும் வயித்து கேன்சர் ஜப்பான் அளவுக்கு கிடையாது. இவங்க எண்டோஸ்கோப்பிக்கு இவ்ளோ அலையுறது அவங்க வரலாறு, பல வருஷம் கேன்சர் சாவுல வயிறுதான் முதலிடம். அரசாங்க கைட்லைன் கூட 50 வயசுக்கு மேல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னுதான் 2016ல சொல்லுச்சு. நாம ஒரு தடவை பாத்து பைலோரியை முடிச்சுட்டா வருஷா வருஷம் ட்யூப் முழுங்க அவசரம் இல்ல.

அல்ட்ராசவுண்ட், ஊதுற டெஸ்ட், கண்ணு, காது எல்லாம் சொன்ன மாதிரி நடந்துச்சு. ஜெல்லை சூடு பண்ணி வச்சிருந்தாங்க, அதுக்கு ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா. ஃபேட்டி லிவர் கண்டுபிடிச்சாங்க, நம்மாளுங்கள்ல யாருக்கு இல்ல.

இப்போ திட்டு. ரிசப்ஷன்லயே ஒரு பிரிண்டட் ஷீட்டை நீட்டி, ரத்தத்துல கேன்சர் அறிகுறி தேடுற ட்யூமர் மார்க்கர் செட் சேத்துக்கலாமா, மூளை எம்ஆர்ஐ சேத்துக்கலாமா, ரத்தக்குழாய் வயசு பாக்கலாமா, இன்னிக்கே சேத்தா தள்ளுபடின்னு ஒரே நச்சரிப்பு. பசியோட, பைஜாமாவோட நிக்குற மனுஷன் கிட்ட கேக்குற நேரமா அது. ட்யூமர் மார்க்கர் எல்லாம் கேன்சர் இருக்குறவங்களுக்கு வைத்தியம் எப்படி போகுதுன்னு பாக்கத்தான் உதவும், ஒண்ணும் இல்லாத ஆளுக்கு எடுத்தா சும்மா ஏறி நின்னு மாசக்கணக்கா தூக்கத்தை கெடுக்கும், ஆரம்ப கேன்சர்ல பல சமயம் ஏறவே ஏறாது. புராஸ்டேட்டுக்கு பாக்குற பிஎஸ்ஏ மட்டும் அம்பது தாண்டின ஆம்பளைங்க டாக்டர் கிட்ட பேசிட்டு எடுக்கலாம், அதுலயும் வாக்குவாதம் உண்டு.

மூளை எம்ஆர்ஐ எடுக்குற மூளை டாக் வேற யாரும் இவ்ளோ பண்றதில்ல, ஜப்பான் ஸ்பெஷல்னே சொல்லலாம். வெடிக்காத ரத்தக்குழாய் வீக்கம் இருக்கான்னு பாக்குறாங்க, ஏன்னா அது வெடிச்சு மூளையை சுத்தி வர சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு ஜப்பான்லயும் ஃபின்லாந்துலயும்தான் ரொம்ப அதிகம். இங்கயும் அவங்க பயம், அவங்க டெஸ்ட். பெரியவங்கள நூறு பேருக்கு ஸ்கேன் எடுத்தா ஏறக்குறைய மூணு பேருக்கு சின்னதா எதாவது ஒரு வீக்கம் தெரியும். தெரிஞ்சதும் என்ன பண்றது? ஜப்பான் நியூரோ சர்ஜன்களே 5,720 பேரை பின்தொடர்ந்து 2012ல வெளியிட்டாங்க: மொத்தத்துல வெடிக்கிறது வருஷத்துக்கு 0.95 சதவீதம், 3, 4 மில்லிமீட்டர் குட்டி சைஸ்னா வெறும் 0.36. 25 மில்லிமீட்டர் தாண்டினா 33 சதவீதத்துக்கு எகிறுது. குட்டிய கண்டுபிடிச்சுட்டா ஆபரேஷனும் பண்ண மாட்டாங்க, நிம்மதியாவும் இருக்க முடியாது. குடும்பத்துல நெருங்கின ரெண்டு பேருக்கு வந்திருந்தா போங்க, இல்லன்னா அந்த காசை மிச்சம் பண்ணுங்க.

ரத்தக்குழாய் வயசு டெஸ்ட்டை மட்டும் ஆர்வக்கோளாறுல எடுத்தேன். ரெண்டு கை ரெண்டு கால்ல கஃப் சுத்தி, மார்ல மைக் வச்சு, இதயத்துல இருந்து கணுக்காலுக்கு துடிப்பு போற வேகத்துல குழாய் எவ்ளோ விறைப்புன்னு கணக்கு போடுறாங்க. CAVI (காவி)ன்னு பேரு, இதுவும் ஜப்பான்ல உருவானது, அளக்கும்போது இருக்குற பிரஷரால நம்பர் அவ்வளவா ஆடாதுங்கறது இதோட பெருமை. 8க்கு கீழ நல்லது, 9 தாண்டினா டாக்டரை பாரு. எனக்கு 8க்கு கீழதான், பேப்பர்ல உங்க குழாய் வயசு முப்பதுகளோட கடைசின்னு வந்துச்சு, ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன், வேற பிரயோஜனம் இல்ல.

இவ்ளோ ஆப்ஷன் ஷீட்ல நம்ம ஆளுங்களுக்கு நெஜமா வேணுங்குறது எங்க இருந்துச்சு தெரியுமா, எங்கயும் இல்ல. நமக்கு எமன் சுகரும் ஹார்ட்டும். அடிப்படை பேக்கேஜ்ல வெறும் வயித்து சுகரும், ரெண்டு மூணு மாச சராசரி சுகரை காட்டுற எச்பிஏ1சியும் இருக்கு, சாப்ட்டதுக்கு அப்புறம் ஏறுற சுகரை யாரும் பாக்குறதில்ல. ஹிஸாயாமால செஞ்ச அந்த 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்டை கேட்டு வாங்குங்க, சில இடத்துல கேட்டா பண்ணுவாங்க. அப்புறம் பழைய ஜப்பான் ரிப்போர்ட் வச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணு, 2012, 2013க்கு முன்னாடி இங்க எச்பிஏ1சியை சொந்த ஸ்கேல்ல போட்டுட்டு இருந்தாங்க, சர்வதேச ஸ்கேலை விட 0.4 கம்மியா வரும். அப்ப 5.4, இப்போ 5.8னா ஏறல, அதே இடத்துலதான் நிக்குறீங்க.

டாக்டரோட பேச்சுதான் ரொம்ப ஏமாத்தம். அவ்ளோ டெஸ்ட் எடுத்துட்டு, ஸ்கிரீனை பாத்துக்கிட்டே மடமடன்னு வாசிச்சுட்டு கேள்வி இருக்கான்னாரு, கேக்க ஆரம்பிச்சதும் வாட்சை பாத்தாரு. முழு ரிப்போர்ட் கொஞ்ச வாரம் கழிச்சு தபால்ல வந்துச்சு, மொத்தமும் ஜப்பானீஸ், இங்கிலீஷ்ல வேணும்னா தனி காசு. ஏ, பி, சி, டி, இ கிரேடு மட்டும் புரியும்: ஏ, பி கவலை இல்ல, சி திரும்ப பாரு, டி டாக்டர் கிட்ட ஓடு, இ ஏற்கனவே வைத்தியத்துல இருக்க. எனக்கு எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ராலுக்கு சி கிரேடு. அதுக்கு அப்புறம் போன வேற டாக்டர் பொறுமையா பேசினாரு, கொலஸ்ட்ராலை குறைக்கிற ஸ்டாட்டினே ஜப்பான் சரக்குதான், 1973ல சான்க்யோ மருந்து கம்பெனில எண்டோ அகிரா பூஞ்சைல இருந்து எடுத்தாருன்னு ஆரம்பிச்சு, இங்க டோஸ் கம்மியா தராங்களேன்னு கேட்டதுக்கு, 2006ல வந்த MEGAங்கற ஆராய்ச்சில பிரவஸ்டாட்டின்ங்கற ஸ்டாட்டின் 10ல இருந்து 20 மில்லிகிராமே ஜப்பான்காரங்களுக்கு இதய அட்டாக் மாதிரி பிரச்சனைய மூணுல ஒரு பங்கு குறைச்சுதுன்னாரு. வெள்ளைக்கார ஆராய்ச்சில 40 குடுத்தாங்க. சரி சார், நான் ரெண்டும் இல்லியே, எனக்கு எவ்ளோன்னேன், சிரிச்சுட்டு மூணு மாசம் நடந்துட்டு வாங்கன்னாரு.

வயித்து மந்தத்துக்கு அவரே கம்போன்னு சொல்ற ஜப்பான் மூலிகை மருந்து எழுதினாரு, 43ஆம் நம்பர் ரிக்குன்ஷிடோ. 1976ல இருந்து கம்போ பெரிய அளவுல இன்சூரன்ஸ்ல வருது, சாதாரண டாக்டரே எழுதுவாரு. பசி ஹார்மோன் கிரெலினோட இதுக்கு தொடர்பு இருக்குன்னு இங்க நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கு, எனக்கும் சாப்ட்ட உடனே கல்லு மாதிரி நிக்குறது குறைஞ்சுது. ஆனா மூலிகைதானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. இதுல அதிமதுரம் இருக்கு, சிலருக்கு பொட்டாசியத்தை இறக்கி பிரஷரை ஏத்தும், என்னை மாதிரி எல்லைல நிக்குறவன் வீட்டு மெஷின்ல கண்ணு வைக்கணும். இதை எனக்கு சொன்னது பார்மசில இருந்த அம்மா, மருந்து நோட்டை பாத்துட்டு அவங்களே கேட்டாங்க. 1990கள்ல ஷோசைகோடோன்னு ஒரு கம்போவை லிவர் நோய்க்கு அள்ளி அள்ளி குடுத்து, நுரையீரல் பாதிச்சு ஆளுங்க செத்ததால 1996ல அரசாங்கமே எச்சரிக்கை விட்ட கதையும் இந்த ஊர்லதான் நடந்துச்சு.

வீட்டம்மா பேக்கேஜ்ல மேமோகிராமும் கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டும் சேந்திருந்துச்சு, லேடீஸ் டே புடிச்சதால டெக்னீஷியன் டாக்டர் எல்லாம் பொம்பளைங்கதான், அந்த வசதிக்கு அவங்க அஞ்சுக்கு அஞ்சு குடுக்குறாங்க. முடிஞ்சதும் குடுக்குற சாப்பாட்டு டோக்கன்ல சைவம் தேடாதீங்க, மிசோ சூப்லயே மீன் இருக்கும், டோக்கனை காபி கேக்குக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க.

புக்கிங் பத்தி: இலையுதிர் காலத்துலயும், நிதியாண்டு முடியுற பிப்ரவரி மார்ச்லயும் கூட்டம் அள்ளும். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் காலியா இருக்கும், சில இடத்துல விலையும் குறைப்பாங்க. கென்போ மானியம் எந்தெந்த கிளினிக்குக்கு செல்லும்னு அவங்க லிஸ்ட்டை மொதல்ல பாத்துட்டு போன் பண்ணுங்க, போன் எடுத்ததும் தேதிய கேக்காதீங்க, மூக்கு வழி எண்டோஸ்கோப்பி ஸ்லாட் எப்ப இருக்குன்னு கேளுங்க, அதுதான் மொதல்ல தீரும்.